தெருவிளக்கு எரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் விளக்கில் இல்லை

சென்னையில் 1913-க்குப் போன் செய்கிறவர் "எங்க தெருவுல லைட் எரியல" என்று மட்டுமே சொல்வார். பொதுமக்கள் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியம். அந்தப் புகாரை வாங்கும் மின்பணியாளர் மனதில் எழ வேண்டிய முதல் கேள்வி வேறு. எரியாத விளக்குகள் எந்த வரிசையில் நிற்கின்றன? ஒன்று மட்டுமா, மூன்றுக்கு ஒன்றா, ஒரு கம்பத்தில் தொடங்கிக் கடைசி வரையா, தெரு முழுக்கவா? ஏணி வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் தெருவை ஒருமுறை நடந்து பார்த்தால் பாதிப் பழுது தரையிலேயே பிடிபட்டுவிடும்.

காரணம், கம்பங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கப்படும் விதம். நிலத்தடிக் கேபிள் போட்ட சாலைகளில் பில்லர் பாக்ஸிலிருந்து, அதாவது தெருவோர மின்பெட்டியிலிருந்து, மின்சாரம் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பிகளும் அது திரும்பிப் போகும் ஒரு நியூட்ரல் கம்பியும் கிளம்பும். முதல் கம்பத்துக்குச் சிவப்பு ஃபேஸ், இரண்டாவதுக்கு மஞ்சள், மூன்றாவதுக்கு நீலம், நான்காவதுக்கு மறுபடி சிவப்பு. ஒரு ஃபேஸ் போனாலும் சாலை முழு இருட்டாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே தொடக்கம் முதல் மூன்றுக்கு ஒரு விளக்கு இருட்டாக இருந்தால் கம்பங்களைத் தொடவே வேண்டாம். பில்லர் பாக்ஸில் ஒரு ஃபியூஸோ, எம்.சி.பி.யோ (ஓட்டம் மிஞ்சினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), கான்டாக்டரின் (காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) ஒரு முனையோ போயிருக்கிறது. பாதித் தெரு வரை ஒழுங்காக எரிந்து, அதற்குப் பின் மூன்றுக்கு ஒன்று அணைந்திருந்தால், அந்த ஃபேஸில் கடைசியாக எரியும் கம்பத்துக்கும் அதே ஃபேஸில் முதலில் அணைந்த கம்பத்துக்கும் இடையில் ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் (கம்பத்துக்குள் இருக்கும் இணைப்புப் பெட்டி) கேபிளின் ஒரு கோர், அதாவது உள்கம்பி, கருகியிருக்கும். ஓர் இடத்துக்கு அப்பால் எல்லாமே இருட்டு என்றால் கேபிளே அறுந்திருக்கிறது. பக்கத்தில் புதிதாக மூடிய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்வாரியக் கம்பங்களில் விளக்கு மாட்டியிருக்கும் தெருக்களில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் போக, தெருவிளக்குக்கென்று ஐந்தாவதாக ஒரு கம்பி ஓடும். எல்லா விளக்கும் அதே கம்பியில் தொங்குவதால் மரக்கிளை உரசி அது அறுந்தால் அங்கிருந்து கடைசி வரை இருட்டுதான். கம்பம் ஈ.பி. உடையது, விளக்கு மாநகராட்சியுடையது. மேலே ஏறுவதற்கு முன் ஈ.பி.யிடம் லைன் கிளியர், அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற அனுமதி, வாங்கியாக வேண்டும். ஒரு மணி நேர வேலைக்குப் பாதி நாள் போவது இதனால்தான். ஆனால் இதில் குறுக்கு வழி தேடியவர்கள் கதை நன்றாக முடிந்ததில்லை.

பில்லர் பாக்ஸுக்குள்

பெட்டிக்குள் இருப்பவை அதிகமில்லை: மீட்டர், கட்-அவுட், மெயின் சுவிட்ச், டைமர், கான்டாக்டர், ஒவ்வொரு கிளைக்கும் எம்.சி.பி., நியூட்ரல் லிங்க், எர்த் பட்டை. டைமர் சிறு மின்னோட்டத்தைக் கான்டாக்டரின் காயிலுக்கு அனுப்பும். கான்டாக்டர் பெரிய மின்னோட்டத்தை விளக்குகளுக்கு அனுப்பும்.

சாதாரண டைமரில் இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டும் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். இரவு எட்டு மணிக்கு எரியத் தொடங்கிக் காலை எட்டரைக்கு அணையும் தெருக்கள் எல்லாம் இந்த வகை. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் சூரிய உதயம், அஸ்தமனத்தைத் தானே கணக்கிடும் டைமர்கள் இப்போது அதிகம். சென்னைக்கு 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. நவம்பரில் 5.40 வாக்கில் இருட்டத் தொடங்கும், ஜூலையில் 6.40 வாக்கில். ஒரே நேரத்தை ஆண்டு முழுக்க வைத்தால் ஏதோ ஒரு பருவத்தில் தினமும் ஒரு மணி நேரம் வீணாகவோ இருட்டாகவோ போகும்.

பட்டப்பகலில் விளக்கு எரிந்தால் மூன்று சாத்தியங்கள். டைமர் கெட்டிருக்கலாம். சோதனைக்காக யாரோ பைபாஸ் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்திருக்கலாம். அல்லது கான்டாக்டரின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கலாம். மூன்றாவது, எல்.இ.டி. வந்த பிறகு கூடியிருக்கிறது. எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற சுற்றுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது மின்சாரம் வந்தால், சில நூறு மைக்ரோ வினாடிகளுக்குப் பல பத்து ஆம்பியரை ஒரே இழுப்பில் இழுக்கும். ஒரு ஃபேஸில் இருபது விளக்கும் ஒரே கணத்தில் இழுத்தால் முனைகளில் பொறி பறந்து உலோகம் உருகி ஒட்டிக்கொள்ளும். இயல்பான ஓட்டம் 8 ஆம்பியர்தானே என்று சின்ன கான்டாக்டரும், சிறு இழுப்புக்கே விழும் 'பி' வகை எம்.சி.பி.யும் போட்ட இடங்களில்தான் இந்தத் தொல்லை. தொடக்க இழுப்பை இன்னும் தாங்கும் 'சி' வகை எம்.சி.பி. வேண்டும், கான்டாக்டரை ஒரு அளவு பெரிதாகப் போட வேண்டும், கிளைகளைச் சில வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினால் இன்னும் நல்லது.

கான்டாக்டர் உறுமினால் வோல்ட்டேஜ் குறைவு, அல்லது காந்த முகத்தில் துரு, இல்லாவிட்டால் நசுங்கிய பல்லி. பல்லியும் எறும்பும் வேடிக்கைக்குச் சொல்வதில்லை. கேபிள் நுழையும் ஓட்டைகளை கிளாண்ட் போட்டு அடைக்காத பெட்டியில் வெதுவெதுப்புக்காக அவை வந்தே தீரும்.

நியூட்ரல் தளர்ந்தால்

சோடியம் ஆவி விளக்குக் காலத்தில் வேலை பெரும்பாலும் மாற்றுவதுதான்: பல்பு, சோக், இக்னிட்டர், கெப்பாசிட்டர். பல்பு கிழடாகிவிட்டதை அதுவே சொல்லும்; எரிந்து, சூடாகி, அணைந்து, ஆறி, மறுபடி எரியும். 70, 150, 250 வாட் சோக்குகள் செம்பும் இரும்புமாக இருந்ததால் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தாங்கின. எல்.இ.டி. அப்படியல்ல. அதன் டையோடுகள் பல ஆண்டு வாழும், டிரைவர் வாழாது. டிரைவருக்குள் இருக்கும் மின்பகு கெப்பாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. அது வயதால் சாவது. ஒரே இரவில் பத்துப் பதினைந்து டிரைவர்கள் சேர்ந்து செத்தால் அது வயது அல்ல, நியூட்ரல்.

மூன்று ஃபேஸ் அமைப்பில் நியூட்ரல் அறுந்தால் விளக்குகள் உடனே அணைவதில்லை. ஒரு ஃபேஸின் விளக்குகள் வழியாகப் போன ஓட்டம் இன்னொரு ஃபேஸின் விளக்குகள் வழியாகத் திரும்ப முயலும். இரண்டு ஃபேஸ்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஒன்றில் 15 விளக்கு, மற்றதில் 5. இரண்டுக்கும் இடையில் 415 வோல்ட். பங்கீட்டில் 5 விளக்குள்ள பக்கத்துக்கு 311 வோல்ட் போய்ச் சேரும். டிரைவர் ஒவ்வொன்றாகப் புகையும்; ஒன்று செத்ததும் மிச்சமிருப்பவற்றின் மீது வோல்ட்டேஜ் இன்னும் ஏறும். இடி மின்னலுக்காக வைத்திருக்கும் 10 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு இதில் காப்பாற்றாது. அது மைக்ரோ வினாடி அதிர்ச்சிக்கானது; நிமிடக்கணக்கில் 300 வோல்ட்டைப் பிடித்து வைத்தால் அதுவே முதலில் கருகும்.

நியூட்ரல் ஏன் தளர்கிறது? அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும் உலோகம். இன்று முறுக்கிய திருகு ஆறு மாதத்தில் தளர்ந்திருக்கும். பித்தளை, செம்பு முனையோடு அலுமினியத்தை நேரடியாகச் சேர்த்தால் ஈரத்தில் அரிப்பும் வரும். இரு உலோக லக் (கம்பி முனையில் மாட்டும் தொப்பி) போட்டு, அழுத்தி கிரிம்ப் செய்ய வேண்டும். மெரினா, பெசன்ட் நகர், எண்ணூர் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று இந்த அரிப்பை இன்னும் வேகமாக்கும். ஃபேஸ் பக்கம் கருகினால் விளக்கு அணைந்து ஆளைக் கூப்பிடும். நியூட்ரல் பக்கம் தளர்வது கடைசி நொடி வரை யாருக்கும் தெரியாது. ஆகவே பருவமழைக்கு முந்தைய பராமரிப்பில் நியூட்ரல் லிங்கின் எல்லாத் திருகுகளையும் முறுக்குவதுதான் செலவில்லாத, அதிகப் பலன் தரும் வேலை. எந்த ஒப்பந்தப் பட்டியலிலும் இதற்கென்று தனி வரி இருப்பதில்லை. அதனால்தான் செய்யப்படுவதில்லை என்பது எங்கள் கணிப்பு.

எம்.சி.பி. விழாத கம்பம்

2017 நவம்பர் தொடக்கத்தில் கொடுங்கையூரில் தேங்கிய தண்ணீரில் கிடந்த மின்கம்பியால் இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் "கம்பத்தைத் தொட்டதும் ஷாக்" என்ற செய்தி வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வரும்: ஷார்ட் ஆனால் எம்.சி.பி. விழ வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விழாது. 30 மீட்டருக்கு ஒரு கம்பம், 20 கம்பம், மொத்தம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 சதுர மி.மீ. அலுமினியக் கேபிளின் தடை கிலோமீட்டருக்கு 1.91 ஓம், 600 மீட்டருக்கு 1.15 ஓம். கடைசிக் கம்பத்துக்குள் ஃபேஸ் வயர் உரசி இரும்பைத் தொடுகிறது. அதே தடிமனில் நல்ல எர்த் கம்பி பில்லர் வரை தொடர்ந்து போனால் போக வர 2.3 ஓம், 230 வோல்ட்டில் ஓட்டம் 100 ஆம்பியர். 32 ஆம்பியர் 'சி' எம்.சி.பி. உடனே விழ 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். 100 ஆம்பியரில் அது சூடேறித்தான் விழும். பத்து, இருபது வினாடி பிடிக்கலாம்.

இது நல்ல நிலைமை. எர்த் கம்பி திருடு போயிருக்கிறது, அல்லது போடப்படவே இல்லை, கம்பத்தின் அடியில் அடித்த எர்த் ராடு மட்டும் 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்மாற்றிப் பக்கத்து எர்த் 1 ஓம், கேபிள் 1.15 ஓம். ஓட்டம் 19 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது வழக்கமான சுமை. விடிய விடிய விழாது. ஆனால் கம்பத்தில் நிற்கும் வோல்ட்டேஜ் ஏறத்தாழ 190. விளக்கும் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். எரியும் விளக்கைப் பற்றி யாரும் புகார் கொடுப்பதில்லை.

ஆகவே கம்பத்துக்குக் கம்பம் எர்த் ராடு அடிப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பில்லரிலிருந்து கடைசிக் கம்பம் வரை அறுபடாத எர்த் தொடர்ச்சி வேண்டும். கம்பத்துக்குள் ஜங்ஷன் பாக்ஸில் 4 அல்லது 6 ஆம்பியர் தனி எம்.சி.பி. வேண்டும், அப்போது அதே 100 ஆம்பியரில் அது கண நேரத்தில் விழும். கிளைக்கு ஒரு கசிவுத் துண்டிப்பான், அதாவது ஆர்.சி.சி.பி., வேண்டும். வீட்டில் போடும் 30 மில்லி ஆம்பியர் இங்கே நிற்காது. ஒவ்வொரு டிரைவரும் இயல்பாகவே அரை முதல் ஒரு மில்லி ஆம்பியர் வரை கசிய விடும். நாற்பது விளக்கு சேர்ந்தால் ஆரோக்கியமான தெருவே அதை விழ வைத்துவிடும். 300 மில்லி ஆம்பியர் வைத்தால் மேலே சொன்ன 19 ஆம்பியருக்கு உடனே விழும். முதல் மழையில் ஈரமான ஜாயின்ட்டுகள் எல்லாம் கசிந்து அது அடிக்கடி விழும்போது, தொல்லை தாங்காமல் யாரோ ஒரு வயரைப் போட்டு அதைத் தாண்டிவிடுவார்கள். இப்படித் தாண்டிய பெட்டியைப் பார்த்தால் அந்தத் தெருவில் ஒரு கெட்ட ஜாயின்ட் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஜாயின்ட் எங்கிருந்து வந்தது? மழைநீர் வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டும் ஜே.சி.பி. கேபிளை அறுக்கிறது. நடைபாதைக்கு அடியில் 75 செ.மீ. ஆழத்தில், மணல் படுக்கை மேல், செங்கல் மூடி இருக்க வேண்டியது பல இடங்களில் ஓரடிக்கும் குறைவாகக் கிடக்கும். அறுத்தவர் சொல்ல மாட்டார். இரண்டு முனையையும் முறுக்கி, பி.வி.சி. டேப் சுற்றி, மண்ணைத் தள்ளி மூடிவிடுவார். அன்று இரவு எல்லாம் எரியும். டேப்புக்குத் தண்ணீரைத் தடுக்கும் சக்தி இல்லை. வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவோ ரெசின் ஊற்றிய ஜாயின்ட் கிட்டோ போட்டால்தான் மண்ணுக்கடியில் நிற்கும்.

பழுதைத் தேடும்போது நியான் டெஸ்டரை நம்பாதீர்கள். எங்கும் இணையாமல் மிதக்கும் கம்பியிலும் அது எரியும். வெயிலில் எரிவது தெரியாது. மல்டிமீட்டரும் பக்கத்துக் கம்பியின் தூண்டலால் 80, 100 வோல்ட் காட்டும். பழைய ஹோல்டரில் மாட்டிய 100 வாட் பல்பு பொய் சொல்லாது, சுமை இழுத்துக் காட்டும். கேபிளை 500 வோல்ட் மெக்கரில் (கம்பி உறையின் காப்புத் தடையை அளக்கும் கருவி) சோதிக்கும்போது விளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் சர்ஜ் பாதுகாப்பு கடத்தி, நல்ல கேபிளையே கெட்டது என்று காட்டும். 1 மெகா ஓமுக்கு மேல் என்றால் விடலாம். ஈர ஜாயின்ட் கிலோ ஓம்களில் காட்டும். ஒரு கிளையில் பதினாறு கம்பம் இருந்தால் அத்தனையையும் வரிசையாகத் திறக்க வேண்டியதில்லை. நடுக் கம்பத்தில் பிரித்து இரு பக்கமும் அளந்து, கெட்ட பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்துப் போனால் நான்கு இடத்தில் முடிந்துவிடும்.

மெயினை இறக்கிவிட்டேன், இனி பயமில்லை என்பதும் சரியல்ல. கோயில் திருவிழா சீரியல் செட், கட்சிப் பந்தல், பெட்டிக்கடை என்று தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டிருப்பவர்கள் உண்டு. மின்சாரம் நின்றதும் அவர்கள் ஜெனரேட்டரைப் போட்டால் அது திரும்பி உங்கள் கம்பத்துக்கே வரும். ஃபியூஸ் கேரியரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வேலை செய்யும் இடத்திலேயே சோதித்து, ஃபேஸையும் நியூட்ரலையும் எர்த்தோடு ஷார்ட் செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

செல்போன் சிம் வைத்த தொலை கண்காணிப்புப் பெட்டிகள் வந்துவிட்டதால் இனி தெருவைச் சுற்ற வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டி பார்ப்பது மொத்த மின்னோட்டத்தை. நாற்பது விளக்கில் ஒன்று போனால் குறைவது இரண்டரை சதவீதம்; வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்திலேயே அது மறைந்துவிடும். கிளை போனால் சொல்லும், ஒற்றை விளக்கைச் சொல்லாது.

சிக்னல்: அணைவது பரவாயில்லை, தப்பாக எரிவதுதான் ஆபத்து

தெருவிளக்குக்கும் சிக்னலுக்கும் கேபிள், ஈரம், நியூட்ரல் எல்லாம் பொது. ஆனால் சிக்னலில் தவறின் பொருளே வேறு. ஒரு பச்சை அணைந்தால் ஹாரன் சத்தம். எதிரெதிர் பாதைக்கு இரண்டு பச்சை ஒன்றாக எரிந்தால் விபத்து. ஆகவே சிக்னலை இயக்கும் பெட்டியான கன்ட்ரோலருக்குள் முரண் கண்காணிப்பு என்று ஒரு தனிச் சுற்று இருக்கும். ஒன்றாக எரியக் கூடாத பச்சைகளின் வெளியீட்டு வோல்ட்டேஜை அது அளந்துகொண்டே இருக்கும். இரண்டிலும் வோல்ட்டேஜ் கண்டால் முழுச் சந்திப்பையும் விட்டு விட்டு மின்னும் மஞ்சளுக்குத் தள்ளிவிடும். சிவப்பு முழுவதும் அணைந்த பாதை இருந்தாலும் அப்படியே.

இங்கேதான் எல்.இ.டி. ஒரு புதுக் குழப்பத்தைக் கொண்டுவந்தது. விளக்குகளை ஏற்றி அணைப்பது டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச். அணைத்த நிலையிலும் அதன் வழியே சில மில்லி ஆம்பியர் கசியும். இழை பல்புக் காலத்தில் குறைந்த தடையுள்ள அந்த இழை கசிவை விழுங்கிவிடும், முனையில் வோல்ட்டேஜ் நிற்காது. 10, 15 வாட் எல்.இ.டி. மாட்யூலால் அப்படி விழுங்க முடியாது. அணைந்த பச்சையின் முனையில் கணிசமான வோல்ட்டேஜ் நிற்கும், கண்காணிப்பு அதைப் 'பச்சை எரிகிறது' என்று படித்து, காரணமில்லாமல் மஞ்சளுக்குப் போய்விடும். இரவில் மாட்யூல் மங்கலாக மினுங்குவதையும் பார்க்கலாம். மாட்யூலுக்கு இணையாகச் சரியான அளவு சுமைத் தடையைப் போடுவதே தீர்வு. கண்காணிப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது தீர்வு அல்ல. "அது சும்மா சும்மா விழுது சார்" என்று சொல்லி அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கம்பத்தின் மூன்று நிறமும் சேர்ந்து மங்கலாக எரிந்தால் பொது நியூட்ரல் அறுந்திருக்கிறது: சிவப்பு வழியாகப் போன ஓட்டம் திரும்ப வழியில்லாமல் பச்சை, மஞ்சள் வழியாகச் சுற்றி வருகிறது. மழைக்குப் பிறகு மட்டும் வந்து வெயிலில் மறையும் பழுது என்றால் கம்பத்து டெர்மினல் பட்டையில் தண்ணீர். பல கோர்கள் உள்ள 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் பக்கத்துப் பக்கத்து முனையில் சிவப்பையும் பச்சையையும் கட்டாமல் நடுவில் ஒரு காலி முனை விட்டுக் கட்டுவது நல்ல பழக்கம்.

மஞ்சள் எத்தனை வினாடி என்பது போக்குவரத்துப் பொறியாளரின் வேலை. இருந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று மின்பணியாளர் அறிந்திருக்க வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 13.9 மீட்டர். ஓட்டுநர் சுதாரிக்க 1 வினாடி, வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைத்தால் நிற்கத் தேவையான தூரத்தை அதே வேகத்தில் கடக்க 2.3 வினாடி, கூட்டினால் 3.3. சந்திப்பின் அகலம் 20 மீட்டர், வண்டி 5 மீட்டர் என்றால் கடந்து வெளியேற 1.8 வினாடி, அதுதான் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்க வேண்டிய நேரம். கன்ட்ரோலரின் நினைவக பேட்டரி தீர்ந்து, தொழிற்சாலை இயல்பு அமைப்புக்குத் திரும்பும்போது இந்த இரண்டு எண்களும் சத்தமில்லாமல் மாறிவிடும். சிக்னல் ஓடுவதுபோலவே இருக்கும். பேட்டரி மாற்றிய பின் ஸ்டாப்வாட்சில் அளந்து, பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையோடு ஒப்பிட வேண்டும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்ற கிழக்கு மேற்குச் சாலைகளில் காலையிலும் மாலையிலும் "மூணு கலரும் எரியுது" என்று ஒரு புகார் வரும். மின்கோளாறு இல்லை, தாழ்ந்த வெயில் லென்ஸுக்குள் புகுந்து திரும்பி வருகிறது. உடைந்த மறைப்புத் தொப்பியை மாற்றினால் சரியாகும்.

பழுது பார்த்து முடித்த சிக்னலை நேரே ஓட்டத்துக்கு விடுவதில்லை. முதலில் மின்னும் மஞ்சள், பிறகு எல்லாப் பக்கமும் சிவப்பு, பிறகு போக்குவரத்துக் காவலர் சந்திப்பைக் கையால் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும்போது ஒரு முழுச் சுற்று. அடுத்து, ஒவ்வொரு பாதையின் சிவப்பு ஃபேஸ் வயரையும் டெர்மினலில் ஒருமுறை கழற்ற வேண்டும். கன்ட்ரோலர் உடனே மஞ்சளுக்குப் போனால் கண்காணிப்பு விழித்திருக்கிறது. போகவில்லை என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், அந்தப் பெட்டியைப் பூட்டிவிட்டு வரக் கூடாது.